நாலு முள்ளும் விழுந்த வண்டி

எங்கள் இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அந்தப் பக்கம் கார் வயரிங், இந்தப் பக்கம் சீட் கவர். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் தையல் மிஷினை மிதித்தால் அவளுடைய ரேடியோ கொரகொரவென்று இரையும். பதினோரு வருடமாக இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. இரண்டு பேரும் கடையை மாற்றியதும் இல்லை.

அவளைத் தெருவில் மீட்டரம்மா என்றுதான் சொல்வார்கள். கழுத்தில் எந்நேரமும் ஒரு மல்டிமீட்டர் தொங்கும். வயர் எங்கே அறுந்திருக்கிறது, எங்கே தொடக்கூடாததைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிற கருவி அது. கல்யாண வீட்டுக்குப் போகும்போது மட்டும் கழற்றி வைப்பாள் என்று கேள்வி, நான் பார்த்ததில்லை. சுற்றுவட்டாரத்தில் மெக்கானிக்குகள் கைவிட்ட வண்டியெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்கும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததை மறைத்துக்கொண்டு அடக்கமாக இருக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றது அவளுடைய சொந்த அக்கா வீட்டு வண்டி. ஓட்டி வந்தது அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், விபத்துக் கேஸ்கள் வருகிற பிரிவு. குள்ளம் என்பதால் சீட்டை முழுக்க முன்னால் இழுத்துவிட்டு, ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு அவள் புருஷன். ஆறடிக்கு மேல் உயரம். நெட்டையண்ணன் என்றால்தான் எங்கள் தெருவில் தெரியும். இருபத்திரண்டு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறவர். அவர் வண்டியிலேயே அவர் பின் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வண்டியைச் சுற்றி வந்து நான் முதலில் பார்த்தது தரையை. அது என் கைவேலை. இரண்டரை மாதத்துக்கு முன் சீட்டெல்லாம் கழற்றி, அடியில் இரட்டை ஃபோம் போட்டு, மேலே கறுப்புக் கார்ப்பெட் விரித்துக் கொடுத்திருந்தேன். சுருக்கம் ஒன்றுகூட விழவில்லை. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

"என்ன அத்தான், முதலாளி மாதிரி பின்னால ஏறி வர்றீங்க?" என்றாள் மீட்டரம்மா.

"சாவி உங்க அக்காகிட்ட. வண்டிதான் என்னுது," என்றார் அண்ணன். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

விஷயம் எனக்கு முன்பே தெரியும். ஒன்றரை மாதமாக, ஓடுகிற ஓட்டத்தில் டேஷ்போர்டில் வேகம், சூடு காட்டுகிற முள்ளெல்லாம் பொத்தென்று விழுகிறது என்கிறார். சில நொடியில் தானாகத் திரும்பி வந்துவிடுகிறதாம். ஏழு தடவை அப்படி நடந்திருக்கிறது. ஏழு தடவையும் ஓட்டிக்கொண்டிருந்தது அவர். மூன்று ஒர்க்‌ஷாப்பில் காட்டி, மூன்று பேரும் ஓட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். போன கோடையில் அவர் குளியலறையில் ஒரு முறை தலை சுற்றி விழுந்திருக்கிறார். அக்கா இரண்டையும் சேர்த்து, கோளாறு வண்டிக்கு இல்லை, அவருக்குத்தான் என்று கணக்குப் போட்டுவிட்டாள்.

"பத்து நாளா நான்தான் ஓட்டறேன்," என்றாள் அக்கா. "தினம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும். ஒரு தடவையாவது விழுந்திருக்கணுமே. விழல."

"உனக்குப் பயந்துக்கிட்டு விழலையோ என்னவோ," என்றாள் தங்கை.

அண்ணன் டீ வாங்கப் போனார். அக்கா தங்கையைக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். நான் என் பக்கம் வந்து ஊசியில் நூல் கோத்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லக் கூடாது, தகரம் அப்படி.

"நீ பார்க்கறதைப் பாரு. கடைசியில வண்டியில ஒண்ணுமில்லைன்னு சொல்லிடு. சின்னவ சொன்னா இனிமே சாவியே கேட்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்காரு."

"அப்புறம் என்ன பண்ணுவாரு?"

"வீட்ல இருப்பாரு. உயிரோட இருப்பாருல்ல? மயக்கம் வந்து வண்டிய விட்டவங்களை எப்படித் தூக்கிட்டு வர்றாங்கன்னு வாரா வாரம் பார்க்கறவ நான்டி. எனக்கு அது வேண்டாம்."

"இங்க பாருக்கா. இல்லைன்னா இல்லைன்னுதான் சொல்லுவேன். இருந்தா இருக்குன்னு சொல்லுவேன். உனக்கு ஒண்ணு அவருக்கு ஒண்ணுன்னு சொல்ல என்கிட்ட ரெண்டு வாய் இல்ல."

"இருக்கற ஒரு வாயே போதும்டி ஊருக்கு," என்றாள் அக்கா. ஆனால் குரல் கம்மியிருந்தது.

உண்மையைச் சொன்னால் நான் அக்கா கட்சி. முந்தின வாரம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது நானே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அக்கா, வண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கும். அண்ணனை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க," என்று சொல்லியிருந்தேன். மூன்று ஒர்க்‌ஷாப்காரன் சொன்னதைத்தானே நானும் சொன்னேன் என்று சமாதானம் வேறு.

டீயும் பன்னும் வந்தபோது மழையும் வந்தது. கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் எல்லோரும் அரை மடங்கு சத்தம் கூட்டிப் பேச வேண்டியிருந்தது. எனக்குக் கையில் அவசர வேலை இல்லை. பன்னை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் போய் நின்றேன்.

அவள் ஸ்கேனரை மாட்டினாள். முன்பெல்லாம் ஒவ்வொரு முள்ளுக்கும் தனித்தனி வயர் வரும். இப்போது இஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒன்று, டேஷ்போர்டுக்கு ஒன்று. எல்லாம் ஜடை மாதிரி முறுக்கின இரண்டே இரண்டு வயரில்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். வேகம் இவ்வளவு, சூடு இவ்வளவு என்று அதில் வருகிற சேதியைக் கேட்டுத்தான் டேஷ்போர்டு முள்ளை நகர்த்தும். கேன் லைன் என்பார்கள் அதை. பேச்சு எங்கேயாவது நின்றால் கம்ப்யூட்டர்கள் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, ஸ்கேனர் கேட்கும்போது எரர் கோடாகக் காட்டும். இவ்வளவும் தகரச் சுவர் வழியாக நான் படித்த படிப்பு.

ஸ்கேனரில் ஒரு கோடுகூட இல்லை.

"அந்த மூணு பேரும் வச்சுப் பார்த்தப்ப என்ன வந்துச்சு அத்தான்?"

"ஏதோ வந்துச்சு, கிளியர் பண்ணியாச்சுன்னானுங்க."

"என்ன கோடுன்னு எழுதி வச்சானுங்களா?"

"இல்ல. விளக்கு எரியுதா பாருங்க சார், எரியல, கிளம்புங்கன்னானுங்க."

மீட்டரம்மா ஸ்கேனரைப் பெஞ்சில் வைத்தாள். கோபம் வந்தால் அவள் சாமானை மெதுவாகத்தான் வைப்பாள். "விளக்கை அணைச்சுக் கொடுக்கறதுதான் வேலைன்னு நினைச்சுக்கிட்டிருக்கானுங்க. வந்த கடுதாசியப் படிக்காமலே கிழிச்சுப் போட்டுட்டு, உனக்குக் கடுதாசியே வரலைன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"கோடு இல்லைல?" என்றாள் அக்கா. "அப்ப வண்டி சுத்தம்."

"நீ பன்னைச் சாப்பிடு. அத்தான், இப்படி வாங்க. விழுந்தப்ப என்ன பார்த்தீங்க? பார்த்ததை மட்டும் சொல்லுங்க, நினைச்சதைச் சொல்லாதீங்க."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலு முள்ளும் ஒண்ணா விழுந்துச்சு. ஒண்ணு பின்னால ஒண்ணு இல்ல. இஞ்சின் ஓடுது, காதுல கேக்குது. சிவப்பு, மஞ்சள் விளக்கெல்லாம் பூரா எரியுது. மூணு நாலு எண்ணறதுக்குள்ள எல்லாம் பழையபடி."

"டேஷ்போர்டு உள்வெளிச்சம்?"

"அது போகல."

"மூலையில மணி காட்டுமே?"

"மணி இருந்துச்சு. கடைசித் தடவ நாலு பதினேழு. நான் பார்த்துக்கிட்டு இருக்கறப்பவே பதினெட்டா மாறுச்சு. அப்புறம்தான் முள்ளு எழுந்துச்சு."

மீட்டரம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வண்டி தன் கையில் மாட்டிக்கொண்டது என்று தெரிந்தால் வருகிற சிரிப்பு.

"அக்கா, கேட்டியா? மணி டேஷ்போர்டுக்குள்ளயே ஓடறது. அதுக்கு வெளியிலருந்து சேதி வர வேண்டியதில்ல. முள்ளு நாலுக்கும் சேதி வந்தாத்தான் உசுரு. கரண்ட் போயிருந்தா மணியும் வெளிச்சமும் சேர்ந்து போயிருக்கும். அது ரெண்டும் இருக்கு, முள்ளு மட்டும் இல்லைன்னா கேன் லைன்ல பேச்சு நின்னிருக்கு. இதெல்லாம் தெரிஞ்சு கதை கட்ட அத்தானுக்கு வழியே இல்ல. மயக்கம் வந்த மனுஷனுக்கு எல்லாந்தான் இருட்டும். மணி மட்டும் தனியா ஓடுமா?"

அக்கா வாயில் இருந்த பன்னை மென்று விழுங்கினாள். "வாயால சொல்றதெல்லாம் வேண்டாம். எங்க வயர் போச்சுன்னு கண்ணுல காட்டு, நம்பறேன். நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட டோக்கன் நம்பர் வாங்கி வச்சிருக்கேன்."

"காட்டறேன்," என்றாள் தங்கை. இவ்வளவு தைரியமாக அவள் சொன்னபோது, இன்னும் ஒரு போல்ட்டைக்கூட அவள் கழற்றியிருக்கவில்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தாள். கேன் லைனின் இரண்டு வயருக்கும் நடுவே மீட்டரை வைத்தாள். அறுபது என்று காட்டியது. அறுபது இருந்தால் அந்த வழி முனைக்கு முனை முழுசாக இருக்கிறது என்று அர்த்தமாம். நூற்றிருபது காட்டினால் எங்கோ அறுந்திருக்கும். டேஷ்போர்டை வெளியே இழுத்து, அதன் பின்னால் இருந்த சாக்கெட்டை ஆட்டினாள், திருகினாள், ஊதினாள். அறுபது. இஞ்சின் பக்கம் போய் அங்கே ஆட்டினாள். அறுபது.

மழை விட்டதும் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்க்கப் போனோம். மீட்டரம்மா ஓட்டினாள், நான் பக்கத்தில். புருஷனும் பெண்டாட்டியும் பின்னால். தீர்ப்பு வரும்வரை ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை என்பதும் அண்ணன் கொடுத்த வாக்கில் சேர்த்தி. குண்டும் குழியுமான சாலையாகப் பார்த்து விட்டாள். என் இடுப்பு எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேசியது. முள் நான்கும் சொன்ன இடத்தில் நின்றன. பின்னால் இருந்து அக்கா, "பார்த்தீங்களா?" என்றாள் ஒரு தடவை. இரண்டாம் தடவை கேட்கவில்லை. கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சீட்டில் பாதியாகத் தெரிந்தது.

கடைக்கு வந்து, அக்கா கொண்டுவந்த சோற்றையும் அவித்த முட்டையையும் பெஞ்சில் வைத்துச் சாப்பிட்டோம். அண்ணன் பாதியில் கையைக் கழுவிவிட்டார்.

"போதும் சின்னவளே. நீ பார்த்துட்ட. சாவி அவகிட்டயே இருக்கட்டும்."

"சும்மா இருங்க அத்தான். நான் இன்னும் சொல்லல."

"சொல்லாம இருந்தா மட்டும்?"

"பேட்டரியைக் கழட்டுங்க டெய்லரே," என்றாள் என்னிடம். நான் கழற்றினேன். இந்த முறை மீட்டரின் ஒரு முனையைக் கேன் வயர் ஒன்றில் மாட்டினாள், இன்னொரு முனையை வண்டியின் இரும்பு உடம்பில் மாட்டினாள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் மீட்டர் கத்தும். தொடக் கூடாது. கத்தவில்லை.

"இப்ப வந்து உட்காருங்க அத்தான். ஓட்டச் சொல்லல, பேட்டரியே இல்ல. எப்பவும் எப்படி உட்காருவீங்களோ அப்படி உட்காருங்க."

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தாள். அவர் கதவைத் திறந்து, குனிந்து, சீட்டுக்கு அடியில் இருக்கிற கம்பியைத் தூக்கி, சீட்டைப் பின்னால் தள்ளினார். கடக், கடக், கடக் என்று சீட் தண்டவாளத்தின் கடைசிப் பல்வரைக்கும் போனது. பிறகு முதலில் ஒரு காலை விட்டு, தொப்பென்று உட்கார்ந்தார்.

மீட்டர் கீச்சென்று கத்தியது.

"எழுந்திருங்க," என்றாள் மீட்டரம்மா. எழுந்தார், நின்றுவிட்டது. உட்கார்ந்தார், கத்தியது. இடுப்பை லேசாக ஆட்டச் சொன்னாள். கத்தியது, நின்றது, கத்தியது.

"மூணு ஒர்க்‌ஷாப்காரனும், அக்காவும், நானும்," என்று விரலை மடக்கினாள். "எல்லாரும் சீட்டை முன்னால இழுத்துவிட்டுத்தான் ஓட்டியிருக்கோம். இந்த ஊர்ல கடைசிப் பல்லுல உட்கார்ந்து ஓட்டற கால் அத்தானுக்கு மட்டும்தான் இருக்கு. அவரு உட்கார்ந்து, பள்ளத்துல ஒரு குலுக்கு குலுக்கினா சீட்டு இரும்பு எதையோ நசுக்குது. சீட்டைக் கழட்டுங்க டெய்லரே, உங்களுக்குத்தான் கை வந்த வேலை."

நான்கு போல்ட். எனக்கு இரண்டு நிமிஷ வேலை. கழற்றிச் சீட்டைச் சாய்த்தேன். கேன் லைன் பின்பக்கம் போகிற இடம் அதுதான். தரையோடு தரையாக ஓட வேண்டிய வயர்க் கற்றை, என்னுடைய இரட்டை ஃபோமின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதன் நடுவில் சீட்டு இரும்பு உரசி உரசி ஒரு வயரின் தோல் உரிந்து, அரை நகத்தளவு செம்பு பளபளவென்று தெரிந்தது. கற்றையைத் தரையோடு பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் கிளிப் அங்கே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு நூல் கட்டியிருந்தது. மெழுகு போட்ட நீல நூல், இரட்டைச் சுற்று, ஓரம் மடக்கின முடிச்சு.

அந்த நூலில் தைக்கிறவன், அந்த முடிச்சைப் போடுகிறவன், இந்தத் தெருவில் ஒருவன்தான்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. சீட்டைத் தூக்கும்போது கிளிப் உடைந்தது. வேறு கிளிப் தேடிப் போகச் சோம்பல். நம் கையில் இல்லாத நூலா என்று, மூட்டை கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டிவிட்டேன். தையல்காரனுக்கு எதைப் பார்த்தாலும் கட்டத்தான் தோன்றும். கட்டினது அறுகிறதா என்று இழுத்துப் பார்த்தேன், வயர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கவில்லை. கார்ப்பெட்டை மேலே விரித்து, சுருக்கம் இல்லை என்று சந்தோஷப்பட்டேன்.

மீட்டரம்மா நூலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் வாய்க்கு அன்று என்ன வந்ததோ, ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கேனரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இதை யாரு இப்படிக் கட்டினது?" என்றார் அண்ணன்.

ஒர்க்‌ஷாப்காரன் மூன்று பேர் இருக்கிறார்கள், எவன் தலையில் போட்டாலும் நிற்கும். அது என் மனதில் ஓடவில்லை என்று சொன்னால் பொய்.

"நான்தாண்ணே," என்றேன். "கார்ப்பெட் போட்டப்ப கிளிப் உடைஞ்சுது. நூலால கட்டிட்டேன். இது என் தப்பு. அண்ணனை டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு அக்காகிட்ட சொன்னதும் நான்தான்."

அண்ணன் குனிந்து நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"முடிச்சு நல்லாத்தான்டா போட்டிருக்க. அவுக்கவே முடியல."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. ஈரத் தரையில் மண்டி போட்டு, சேலையில் கறை படுவதைப் பற்றிக் கவலைப்படாமல், அந்தச் செம்பு தெரிகிற இடத்தை விரலால் தடவினாள். புண்ணைப் பார்க்கிற மாதிரி இப்படி அப்படித் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தாள்.

"ஏழு தடவை சொன்னீங்க," என்றாள் அவரிடம். "நான் ஒரு தடவைகூட நம்பல."

"நீ நம்பாதது கிடக்கட்டும்," என்றார் அண்ணன். "ஒரு வாரமா நானே நம்பல. கதவைச் சாத்திக்கிட்டு, கண்ணாடி முன்னால ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால பார்த்துக்கிட்டு நிக்கறேன். மணி பதினெட்டானதைப் பார்த்தேனே, அதுகூட நிஜந்தானான்னு ஆயிடுச்சு. சின்னவ ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருந்தா சரின்னு போயிருப்பேன்."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் தோள்பையைத் திறந்து எதையோ தேடினாள். கைக்குட்டை என்று பார்த்தால், சாவி.

வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. மீட்டரம்மா பழுதான இடத்தை வெட்டி எறிந்து, புது வயர் சேர்த்துப் பற்றவைத்து, முறுக்குக் குறையாமல் முறுக்கி, உறை போட்டாள். நான் ஃபோமை அந்த இடத்தில் மட்டும் வாய்க்கால் மாதிரி வெட்டி எடுத்தேன். கிளிப் அவள் டப்பாவில் இருந்தது. "டெய்லரே, இதை மாட்டத் தெரியுமா, இல்ல நூல் கொண்டுவரவா?" என்றாள். அவள் மறுபடி பேச ஆரம்பித்ததில் எனக்கு உயிர் வந்தது. சீட்டை மாட்டி, கடைசிப் பல்லுக்குத் தள்ளி, அண்ணனை உட்காரவைத்து, எழவைத்து, மறுபடி உட்காரவைத்துப் பார்த்தோம். மீட்டர் வாயே திறக்கவில்லை.

பிறகு நால்வரும் கிளம்பினோம். அண்ணன் ஓட்டினார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீட்டரம்மாவும் நானும் பின்னால் இருந்து சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டிருந்தோம். அதே குண்டு குழிச் சாலை. முதல் பள்ளம் வந்தது. அக்கா நான் தைத்த சீட் கவரை இறுக்கிப் பிடித்தாள். முள் நின்றது. அடுத்தது பெரிய பள்ளம், அண்ணன் வேண்டுமென்றே விட்டார் என்று நினைக்கிறேன், தலை கூரையில் இடித்தது. நின்றது. வேகம் நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து, ஐம்பது.

"பேசிக்கிட்டு வாங்கப்பா, எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு," என்றார் அண்ணன்.

மூன்று பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான்.